பொங்கல் பெட்டியும் பவளமும்

“இஞ்சேரப்பா, பவளம் சைவமோ, மச்சமோ?”

மெட்ரோவில் எனக்கு எதிரில் இருந்த பெண் புருஷனைக் கேட்டாள். நான் அன்று விரதம், காது தானாக அங்கே போய்விட்டது. மீன்தொட்டி வைத்திருக்கிறவர்கள் கடல் பவளம் மாத்திக்கொள்கிற சந்தைக்கு அவர் போகிறாராம். அவள் வழியில் வில்லரேப் பகுதியில் கடைக்கு இறங்கவேண்டியவள். பவளம் கொண்டுவர அவர் மடியில் வைத்திருந்ததோ அவள் கோயிலுக்குப் பொங்கல் கொண்டுபோகிற, சூடு காக்கும் பெட்டி.

“பாக்கப் பூ மாதிரி இருக்கும்.”

“நான் அதைக் கேக்கேல்லை.”

“உயிர்தான். வாய் இருக்கு. இறாலும் தின்னும்.”

“அப்ப என்ர பெட்டியைத் தாங்கோ!”

“வெளியில குளிரப்பா. பெட்டி இல்லாட்டி வீடு வர முதல் செத்துப்போம்.”

“அதை வைச்ச பெட்டியில சுவாமிக்குப் பொங்கலோ?”

அவர் பெட்டியைக் கொடுத்தார். முருகா, ஒரு பொய் சொல்லியிருந்தால் பெட்டி அவரிடமே இருந்திருக்கும். அந்த மனுசன் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் போக, அவள் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றினாள்.

“பவளம் போட்டுத் தாற தண்ணிப் பையை இதில சுத்தி ஜக்கெட்டுக்குள்ள வையுங்கோ.”

வில்லரேயில் அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. கதவு திறந்து மூடியது. அவள் எழும்பவில்லை.

“கடைக்குப் போகேல்லையோ?”

“பேந்து போறன். அதின்ர வாயை ஒருக்காப் பாக்கவேணும்.”