சின்னவளுக்கு எவ்வளவு மடங்குது?

— விடு, விடு, விடுடீ பாவி! மூட்டு மாத்தின கால் இது. குச்சின்னு நினைச்சியா, ஒடிச்சுப் பாக்க?

— நான் கையே வைக்கல பெரியம்மா. நீங்கதான் மடக்கறீங்க. மூச்சை அடக்காதீங்க. குதிகாலை மெத்தை மேலயே பின்னாடி இழுங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம்...

— நீ இன்னும்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்.

— நேத்தும் இதேதான் சொன்னீங்க. அப்படியே பிடிங்க, அளந்துக்கறேன். எண்பத்தஞ்சு டிகிரி.

— அவ்வளவுதானா? சின்னவளுக்கு எவ்வளவு மடங்குது?

— எந்தச் சின்னவ?

— தெரியாத மாதிரி கேக்காதே. என் ஓரகத்திதான். இங்கேருந்து நேரா அவ வீட்டுக்குத்தானே பயிற்சி குடுக்கப் போற?

— அம்மா, அந்தப் பொண்ணை வேலை செய்ய விடு.

— நீ சும்மா இருடீ. பெத்தவ கத்தறா, ஒரு வாய் தண்ணி குடுக்கத் துப்பில்ல, பேச மட்டும் வந்துடுவா. நீ சொல்லு கண்ணு.

— அவங்களுக்கு... தொண்ணூறு. தொண்ணூறுக்கு மேலயே இருக்கும்.

— பாத்தியாடீ? கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்குள்ள வந்த நாள்லேருந்து இதே கதைதான். நான் ஒரு சோபா வாங்கினா அவ ரெண்டு வாங்குவா. நான் மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சேன், அடுத்த கட்டில்ல அவ வந்து படுத்துட்டா. அவளுக்கு என்ன வலி? என்னைப் பாத்துதானே வலிச்சுது.

— சித்திக்கு வருஷக்கணக்கா மூட்டுவலிம்மா. மாடிப்படியில உக்காந்து உக்காந்துதான் இறங்குவாங்க. நீ ஒரு நாளாவது பாத்திருக்கியா?

— பாத்திருக்கேன். குழந்தை மாதிரி புட்டத்தால இறங்குவா. பாத்துட்டு வந்து வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன்.

— அம்மா!

— என்னடீ அம்மா? உன் சித்தியைச் சொன்னா உனக்குப் பொத்துக்கிட்டு வருமே. கண்ணு, எடு அந்தத் துண்டை. பாதத்துல மாட்டு. நானே இழுக்கறேன்.

— கொஞ்சம் ஓய்வு எடுத்துட்டுச் செய்யலாம் பெரியம்மா. தொடை நடுங்குது பாருங்க.

— ஓய்வை அவளுக்குக் குடு. எனக்கு ஒண்ணுதான் வேணும். இந்த வாக்கரைத் தூக்கி எறிஞ்சுட்டு, கைவீசி நடந்து போய் அவ வாசல்ல நிக்கணும். அப்போ அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். அதுக்கப்புறம் இந்தக் கால் இருந்தா என்ன, போனா என்ன?

— சரி, இழுங்க. ரெண்டு கையும் சமமா. மெதுவா.

— ஐயோ... ஐயய்யோ... கர்வம் பிடிச்சவ, இப்பல்லாம் போனே எடுக்கறதில்ல. உன் சித்தப்பாதான் எடுக்கறாரு. எங்கே உங்க மகாராணின்னு கேட்டா, பதில் பேசாம வெச்சிடறாரு. எல்லாம் அவ சொல்லிக் குடுத்ததா இருக்கும்.

— இனிமே அவருக்குப் போன் பண்ணாதேம்மா. கெஞ்சிக் கேக்கறேன்.

— ஏன், பண்ணினா அழுதுடுவாரா?

— பெரியம்மா, எண்பத்தெட்டு! வெரி குட்!

— குட்டாவது ஒண்ணாவது. எனக்கு ஒரு விஷயம்தான் புரியல கண்ணு. அவளுக்கு எப்படித் தொண்ணூறு வந்துது?

— எல்லாரையும் மாதிரிதான். பயிற்சி செஞ்சு.

— அவதான் செய்யவே இல்லையே.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான்தானே செய்ய வேணாம்னு சொன்னேன்.

— என்ன சொன்னே? அம்மா, சித்திகிட்ட என்ன சொன்னே?

— எதுக்குடீ இப்படி முழிக்கறே? ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாள் அவளே போன் பண்ணினா. "அக்கா, வலி உயிர் போகுது. அந்தப் பொண்ணு எந்திரி, நட, காலை ஆட்டுன்னு படுத்தறா. நீங்க இதெல்லாம் செய்யறீங்களா"ன்னா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. கட்டில் ஓரத்துல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டே சொன்னேன், "அடி பைத்தியமே, அவங்க பொழப்புக்கு ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க. நான் அசையறதே இல்ல. புது மூட்டு தானா ஒட்டணும். ஆடாம அசையாம படு. அவ வந்தா செஞ்சாச்சுன்னு சொல்லிடு"ன்னேன். கோச்சுக்காதே கண்ணு, உன் தொழிலைக் குறை சொல்லல.

— அப்படியேதான் சொன்னாங்க. நான் போறப்பல்லாம், "இப்பதாம்மா செஞ்சு முடிச்சேன், காலைத் தொடாதே"ன்னு. நானும் நம்பிட்டேன்.

— என்கிட்ட, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா"ன்னா. அடேயப்பா, என் பேச்சைக்கூட இவ கேக்கறாளேன்னு நினைச்சேன். திருட்டுத்தனமா எல்லாத்தையும் செஞ்சு தொண்ணூறு வாங்கிட்டா பாரு!

— அக்கா, வேணாம். பெரியம்மாகிட்ட இப்போ வேணாம். முழுசா மடங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.

— எதை வேணாம்? ரெண்டு பேரும் என்ன கண்ஜாடை காட்டறீங்க?

— நீ தள்ளு, நான் சொல்றேன். அம்மா, அந்தத் தொண்ணூறு பொய். அவங்க உன்னை முந்திட்டாங்கன்னு சொன்னாத்தான் நீ காலை மடக்குவேன்னு, நான்தான் இந்தப் பொண்ணைச் சொல்லச் சொன்னேன்.

— அப்போ அவளுக்கு என்னை விடக் கம்மியா?

— கம்மிதான்.

— சொல்லுடீ என் தங்கமே! எவ்வளவு? அறுபதா? அம்பதா?

— உன் பேச்சைக் கேட்டு அசையாம படுத்தே கிடந்தாங்க. கால்ல ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்கு ஏறி, ஒரு வாரத்துல சித்தி செத்துட்டாங்க. நீ ஜெயிச்சுட்டேம்மா, எந்திரிச்சு நட.