டீ சொன்ன மேடம்

“கொழந்தைய குடுத்துட்டு எந்திரிச்சா, அந்தக் கொழந்தைங்க நல ஆபீசு மேடம் எங்களுக்கு டீ சொல்றாங்க!”

தருமபுரியில் பாலக்கோடு பஸ் கிளம்பியதும் முன்சீட்டிலிருந்து இப்படி ஒரு குரல். நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். சொன்ன பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். அவர் தோளில் சாய்ந்து, ஜன்னலோரம் துப்பட்டாவைப் போர்த்தியிருந்த அவருடைய அக்கா மகள்தான் குழந்தையைப் பெற்றவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவருக்கு இந்தப் பக்கம், கேள்வி கேட்டபடி அவர்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி.

“கேசு போடலீங்களாக்கா?”

“அதுக்குத்தான பயந்து செத்தேன்! ஜெயில்ல வெச்சுருவாங்கன்னு ரெண்டு பேருக்கும் மாத்துத்துணி, சோப்பு, தலைக்கு எண்ணெ எல்லாம் கட்டிட்டுப் போனேன்.”

“எண்ணெயுமா?”

“மேடமே சிரிச்சுட்டாங்க. ‘ரோட்டுல போட்டாத்தாம்மா குத்தம். வளக்க முடியலன்னு எங்க கையில குடுக்கறது சட்டப்படிதான்’னாங்க. மனசு மாறுனா திருப்பிக் கேக்கக் கொஞ்ச நாள் டைம் இருக்குதாம். இல்லீன்னா நல்ல வூடாப் பாத்து தத்து குடுப்பாங்களாம். நம்ம பேரு வெளியவே போவாதாம்!”

“அப்ப மெதுவாப் பேசுங்கக்கா.”

அவர் குரலைத் தாழ்த்தினார். எனக்கு அப்போதும் நன்றாகவே கேட்டது.

“பாப்பா அழுவலீங்களா?”

“பாலக் குடிச்சுட்டு அங்க இருந்த நர்சம்மா மடியிலயே தூங்கிருச்சு.”

“டிக்கெட், டிக்கெட்!” என்று நடத்துநர் வந்தார்.

“மெதுவாங்க தம்பி. புள்ள பெத்ததுல இருந்து இவ பயத்துல கண்ண மூடல. இப்பத்தான் தூங்கறா.”

நடத்துநர் அடுத்து என்னிடம் குனிந்து, கிசுகிசுவென்று கேட்டார்: “எங்க போவணும்?”