வண்டிக்காரியின் முன்னால் யார் நிற்பது?

தராசு முள்ளைப் போல நடுநின்று இந்த அவையை நடத்தும் சங்கத் தலைவர் அவர்களே! தோளிலே மூட்டையும் நெஞ்சிலே மானமும் சுமக்கும் அண்ணன்மார்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னோடு குடோன் அலுவலகத்தில் குப்பை கொட்டும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் கைக்குழந்தை முன்வரிசையில் நாத்தனார் மடியில் தூங்குகிறாள். அவள் விழித்துவிட்டால் என் பேச்சு பாதியில் நின்றுவிடும். சிரிக்காதீர்கள், உண்மை! ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பேச வந்தது பொறாமையைப் பற்றி. பொன்னைப் பார்த்து வரும் பொறாமை அல்ல. பொருளைப் பார்த்து வரும் பொறாமையும் அல்ல. ஒரு பெண் ஓர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாளே என்று பொங்கிவரும் பொறாமை!

இதோ, இரண்டாம் வரிசையில் இடது கண் வீங்கி உட்கார்ந்திருக்கிறாளே, அவளைத் தெரியாதவர் இங்கே உண்டா? குடோனில் அவளுக்கு வண்டிக்காரி என்றே பெயர். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவள். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டக் கற்றாள்; தேர்வில் தேறினாள்; ஆண்கள் மட்டுமே ஏறிய இருக்கையில் ஏறினாள். "என்னைப் பத்திப் பேசுக்கா, நான் முகத்தை மூடிக்கிட்டு வர மாட்டேன்" என்று அவளே சொன்னதால்தான் பேசுகிறேன்.

அவள் வீட்டுக்காரரும் நம் குடோன்தான். வண்டியின் முன்னால் நின்று கைகாட்டுவது அவர் வேலை. பாரத்தைத் தூக்கிவிட்டால் ஓட்டுபவருக்கு எதிரே எதுவும் தெரியாது. முன்னால் நிற்பவர் கையை மடக்கி அழைத்தால் வர வேண்டும். உள்ளங்கையை விரித்தால் நிற்க வேண்டும். அந்தக் கைதான் அவளுக்குக் கண்!

அந்தக் கைக்கு என்ன வந்தது? தேநீர்க்கடையில் கூட்டாளிகள் சீண்டினார்கள். "என்னப்பா, வீட்டுலயும் அவதான் டிரைவரா? நீ கிளீனரா?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் வயிறு எரிந்தது! இருக்கையில் இருக்கும் மனைவியை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எரிந்தது! மேலாளர் அவளை "மேடம்" என்று கூப்பிட்டபோது எரிந்தது! எரிந்து எரிந்து ஒருநாள், பக்கத்தில் தூண் இருக்கும்போதே, அந்தக் கை "வா, வா" என்று அழைத்தது. நம்பி வந்தாள். தூணில் இடித்து, தூக்கியிருந்த கண்ணாடிப் பெட்டிகள் நொறுங்கின. "பொம்பளைக்கு எதுக்கு வண்டி?" என்று குடோனே பேச வேண்டும் என்பதுதானே அவர் எண்ணம்? ஆனால் சுவரில் இருந்த கேமரா தூணையும் காட்டியது, கையையும் காட்டியது. மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அன்று வீட்டில் அந்தக் கை பேசிய பேச்சுதான் இவள் கண்ணில் இருப்பது.

என்ன அண்ணே, பின்னாலிருந்து ஏதோ சொல்கிறீர்கள்? "புருஷன் பொண்டாட்டி சண்டையை மேடையில பேசலாமாம்மா" என்கிறீர்களா? சண்டை என்றால் இரண்டு பேருக்கும் வீங்கியிருக்க வேண்டும் அண்ணே! இங்கே ஒருத்திக்குத்தானே வீங்கியிருக்கிறது?

அவள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டாள். இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். அது சட்டத்தின் வேலை, நடக்கட்டும். நம் வேலை என்ன? நாளைக் காலையில் அவள் வண்டி எடுக்க வேண்டும். கைகாட்ட ஆள் இல்லாமல் வண்டி நகரக் கூடாது என்பது விதி. கைகாட்டும் ஆண்கள் எல்லோரும் கூடிப் பேசி, "அவளுக்கு முன்னாடி நிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆள் கிடைக்காவிட்டால் அவள் மறுபடி மூட்டைக்கே போகட்டும் என்கிறார் மேலாளர். அடித்தவரால் முடியாததை, அடிக்காத நாம் செய்துமுடிக்கப் போகிறோமா?

தாய்மார்களே, நம்மையும் கேட்கிறேன். "அவளுக்கு சீட்டு, நமக்கு மூட்டையா?" என்று நாம் முகம் சுளிக்கவில்லையா? எனக்கு இந்த நிமிடமும் பொறாமைதான்! வீங்கிய கண்ணோடும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளே, அந்த நிமிர்வின் மேல் பொறாமை! என் மகள் வளர்ந்து ஓர் இருக்கையில் ஏறும் நாளில், அவள் முன்னால் எந்தக் கை நிற்குமோ என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. பொறாமை வரட்டும்! படிப்பாக வரட்டும், பயிற்சியாக வரட்டும், போட்டியாக வரட்டும். கையை ஓங்கிக்கொண்டு மட்டும் வரக் கூடாது!

கைகாட்டும் பயிற்சி சுமைக்காரர் எல்லோருக்கும் உண்டு, பெண்களுக்கும்தான். அலுவலகத்தில் நாற்காலி தேய்க்கும் எனக்கு அது இல்லை. இருந்தால் கேட்டுக்கொண்டே நிற்க மாட்டேன். சொல்லுங்கள், நாளை அவள் முன்னால் யார் நிற்பது? அண்ணன்மார்களே, தரையில் என்ன தேடுகிறீர்கள்? யார்? யார் நிற்பது?

அங்கே எழுவது யார்? சுமைப்பெண்களில் நாம் சரவெடி என்று கூப்பிடும் அக்காவா? மைக் வேண்டாம், அவர் குரலுக்கு அது தேவையே இல்லை! சொல்லுங்கள் அக்கா.

"அவ வண்டியில ஏறுன நாள்லேர்ந்து நான் அவகூடப் பேசறதில்ல. பொறாமைதான், அதுக்கென்ன இப்போ? நாளைக்கு நான் நிக்கறேன். ஆனா ஏய் வண்டிக்காரி, சும்மா நிக்க மாட்டேன். எனக்கும் ஓட்டச் சொல்லித் தரணும். உன்னைவிட நல்லா ஓட்டிக் காட்டறேனா இல்லையா பாரு!"

வண்டிக்காரி என்ன சொல்கிறாள்? "முதல்ல நேரா நில்லுக்கா, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்கிறாள்! சிரிக்கிறாள், கண் வலிக்க வலிக்கச் சிரிக்கிறாள்!

இதற்குமேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். பேச இடம் தந்த தலைவருக்கும், காது தந்த அவைக்கும், இன்னும் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கும் அந்த அக்காவுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. காலையில் குடோன் வாசலில் பார்ப்போம். வணக்கம்.