சண்முகராசாவுக்கு ஒரு கன்ட்ரி பாட்டு

நகுலேஸ்வரி: கொஞ்சம் நிப்பாட்டுங்கோ அண்ணை! என்ர மனுசன் போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு நினைவுப் புத்தகத்துக்கு, அவற்ர கூட்டாளி எண்டு அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தாங்கோ எண்டால்... கிட்டாரோட வந்து இருக்கிறியள்!

கிறிஸ்துநாயகம்: பின்னை வெண்பாவே எழுதுறது? ராசாவுக்கு கன்ட்ரி பாட்டெண்டால் உயிர். கவ்போய்த் தொப்பியும் போட்டுக்கொண்டு லண்டன் ஸ்ட்ரெதம் முழுக்கத் திரிஞ்சவன்...

நகுலேஸ்வரி: சரி, பாடுங்கோ.

கிறிஸ்துநாயகம்: "சீனி போடாத் தேத்தண்ணி... சிவப்பு பஸ்தான் உன் வீடு..."

நகுலேஸ்வரி: பொறுங்கோ. அவர் மூண்டு கரண்டி சீனியெல்லே போடுறவர்?

கிறிஸ்துநாயகம்: அது... பாட்டுக்கு இடிக்கும்.

நகுலேஸ்வரி: பஸ்ஸும் அவர் ஓடேல்லை. வீடு வீடாப் போய் பிரிட்ஜ் திருத்தினவர். பஸ் ஓடுறது நீங்கள்.

கிறிஸ்துநாயகம்: குறுக்கை கதையாமல் கேளும். "நாயைக் கண்டால் மதில் பாய்வாய்... நல்ல மனமே, என் ராசா..."

நகுலேஸ்வரி: ரெண்டு நாயைப் பிள்ளை மாதிரி வளர்த்த மனுசன் அண்ணை. இப்பவும் அதுகளுக்குப் பயந்து நீங்கள்தான் காலைத் தூக்கிச் சோபாவிலை வைச்சிருக்கிறியள்.

கிறிஸ்துநாயகம்: முதல் அதுகளை அங்காலை பிடிச்சுக் கட்டும்.

நகுலேஸ்வரி: சரி விடுங்கோ. புத்தகத்திலை பாட்டுக்குக் கீழை உங்கட பேரைப் போடட்டே?

கிறிஸ்துநாயகம்: வேண்டாம்.

நகுலேஸ்வரி: ஏன்?

கிறிஸ்துநாயகம்: ஏலாது நகுலா... நான் எழுதேல்லை.

நகுலேஸ்வரி: அப்ப ஆர்?

கிறிஸ்துநாயகம்: ராசாதான். போன வருசம் எனக்கு நெஞ்சு ஒப்பரேசன் நடந்ததெல்லே... நான் செத்துப்போனால் பாடுறதுக்கெண்டு எழுதி வைச்சிருக்கிறான், மடையன். நீர் தந்த அவன்ர கிட்டார்ப் பெட்டிக்குள்ளை கிடந்தது. நான் பேரை மட்டும் மாத்தினன்.

நகுலேஸ்வரி: உங்களுக்கு எழுத வராதே?

கிறிஸ்துநாயகம்: மூண்டு கிழமையா இருந்து பாத்தன். ஒரு வரி வரேல்லை. எழுதினால் அவன் உண்மையாவே போயிட்டான் எண்டு ஆகிடும்... அதுதான் பயம். என்னை மன்னிச்சுக்கொள்ளும்.

நகுலேஸ்வரி: எனக்குத் தெரியும் அண்ணை. அந்தக் கடதாசியைப் பெட்டிக்குள்ளை வைச்சதே நான்தான். நீங்கள் பிழைச்சு வீட்டை வந்த அண்டைக்கு, "என்ர பாட்டு வீணாப் போச்சடி" எண்டு சிரிச்சுச் சிரிச்சு அழுதவர். அது உங்களிட்டை வந்து சேர வேணுமெண்டு நினைச்சன். அவர் எழுதின மாதிரி உங்கட பேரோடையே பாடுங்கோ... அவர் பக்கத்திலை இருந்து உங்களைப் பகிடி பண்ணுற மாதிரி இருக்கும் எனக்கு.