ஏப்ரல் பதினைந்துக்குள் பதில்

காபியைக் குடியுங்கள், சேனாபதி. ஆறிப்போனால் காமாக்ஷி இன்றைக்கு இன்னொரு தடவை சூடு பண்ணித் தரமாட்டாள். காலையிலிருந்து என்னோடு பேச்சில்லை. தீக்ஷா ஹூஸ்டனிலிருந்து கிளம்பிவிட்டாளாம்; ஃப்ரீவேயில் நெரிசல் இருந்தாலும் முக்கால் மணி நேரத்தில் இந்தக் கேட்டி புறநகருக்கு வந்துவிடுவாள். அதற்குள் நீங்கள் கேட்டதற்குச் சொல்லி முடித்துவிடுகிறேன். எதையும் கடைசி நிமிஷம் வரை இழுக்கிறவன் இல்லை நான். தமிழ்ப் பள்ளி நூலகத்தில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஊராருக்கு இலவசமாக டாக்ஸ் படிவம் போட்டுக்கொடுக்க ஆரம்பித்து ஒன்பது வருஷம். என் கையால் போட்டது ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறதா?

இந்த வருஷம் ஒன்று திரும்பியது. ஆனால் அது என் கையால் போட்டது இல்லை, என் பெண் போட்டது. காலேஜில் ஏதோ பகுதி நேர வேலை. அந்தச் சம்பளத்துக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தானே படிவம் அனுப்பியிருக்கிறாள். வரித்துறை ஏற்கவில்லை. எப்படி ஏற்கும்? என்னைச் சார்ந்திருப்பவர் என்று அவள் பெயரை ஜனவரியில் வரித்துறை படிவம் வாங்க ஆரம்பித்த அன்றைக்கே நான் கொடுத்தாயிற்று. அவள் உங்களிடம் ஓடி வந்தாள். நீங்களும் நல்ல மனசோடு, "அப்பாவோட ஃபோல்டர்ல உன் பழைய பேப்பரெல்லாம் இருக்கும், பாரும்மா" என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நாம் எத்தனை பெற்றோருக்கு இதை விளக்கியிருப்போம். பிள்ளைகளின் இளநிலைப் படிப்புக்குக் கிடைக்கும் பெரிய வரிச் சலுகை நான்கு வருஷத்தோடு சரி. மேற்படிப்புக்குப் போனால் சின்னதாக வேறொன்று உண்டு, அதற்கு இத்தனை வருஷம் என்ற வரம்பு கிடையாது. ஆனால் நாம் ஃபீஸ் கட்டியிருக்க வேண்டும், பிள்ளை நம்மைச் சார்ந்து இருக்க வேண்டும். நிறைய அப்பாக்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுவார்கள். நான் விடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் மாசம். கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு தீக்ஷா விண்ணப்பித்திருந்தாள். கடல் பாசி. அதில் அப்படி என்ன இருக்கிறதோ, பத்து வயசிலிருந்து அதே பேச்சு. கால்வெஸ்டன் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் மற்ற பிள்ளைகள் மணலில் வீடு கட்டும். இவள் பாசியைப் பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு வந்து என் காரை நாற அடிப்பாள். அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தார்கள். சாப்பிடும்போதுகூட போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

விண்ணப்பத்தை என் கம்ப்யூட்டரில்தான் போட்டாள். மெயில், பாஸ்வேர்டு எல்லாம் இதிலேயே இருந்தது. பன்னிரண்டாம் தேதி காலேஜ் ஃபீஸ் படிவத்தை அவள் மெயிலில் தேடிக்கொண்டிருந்தேன், என் கண் முன்னாலேயே அந்தக் கடிதம் வந்து விழுந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸ் முழுக்க அவர்களுடையது, மாசச் சம்பளம் வேறு, ஐந்து வருஷத்துக்கு. ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நம்முடைய வரிக் கெடுவும் அதே பதினைந்துதான். கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் ஃபீஸ் கட்டப்போவதில்லை. அவள் தன் சம்பளத்தில் சாப்பிடுவாள். சலுகையும் போயிற்று, சார்ந்திருப்பவர் என்ற கணக்கும் போயிற்று. பொறுப்புள்ள மனுஷன் என்ன செய்வான்?

அந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் நுழைந்தேன். அவள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும், அது வேண்டும். அவள் மாடியில் இருந்தாள். கீழேயிருந்தே குரல் கொடுத்தேன்.

"தீக்ஷா, டாக்ஸ் ஃபார்ம் டவுன்லோட் பண்றேன். உனக்கு கோட் வந்திருக்கும், சொல்லும்மா."

ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கடைசியில், "காட் இட், அப்பா?" என்றும் கேட்டாள். மரியாதை தெரிந்த பெண். "வந்துடுத்தும்மா" என்றேன். இடம் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினேன். நிச்சயம்தானா என்று ஒரு தடவை கேட்டது. நிச்சயம் என்றேன். வந்த கடிதத்தை அழித்தேன்.

மறுநாள் அந்த ஆய்வுக்கூடத்துப் பேராசிரியை ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருந்தார், ஏன் இந்த முடிவு என்று. நான்தான் தீக்ஷாவாகப் பதில் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை, மன்னிக்கவும். அவள் எழுதுவதைவிட ஒழுங்கான ஆங்கிலம். அதையும் அழித்தேன்.

பதினாறாம் தேதி என் தோளில் சாய்ந்து அழுதாள். "தே டிடின்ட் வான்ட் மீ, அப்பா."

"அவாளுக்குக் கொடுத்துவைக்கலைம்மா. அப்பா நான் இருக்கேனோல்லியோ" என்றேன். காமாக்ஷியிடம் சொல்லி அவளுக்குப் பிடித்த மோர்க்குழம்பு வைக்கச் சொன்னேன். பிசைந்த சாதத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நடிப்பில்லை, சேனாபதி. அன்று நான் நிஜமாகவே அவளுக்காகத் துக்கப்பட்டேன்.

பிறகு ஹூஸ்டனிலேயே ஒரு முதுநிலைப் படிப்பு. பாசி இல்லை, டேட்டா. ஃபீஸ் நான் கட்டுகிறேன், வீட்டிலிருந்து போய் வருகிறாள். வேறு எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. "ஐம் நாட் தட் ஸ்மார்ட்" என்று அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள்.

என் தப்பு ஒன்றே ஒன்று. வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு உறுதிச் சீட்டு வந்தது. அதை 'தீக்ஷா 2024 கல்வி' ஃபோல்டரில் சேமித்து வைத்தேன். எந்தக் காகிதத்தையும் ஏழு வருஷம் தூக்கிப் போடாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்கிறோமே, கை பழகிவிட்டது. நேற்று அவள் திறந்து பார்த்தது அதைத்தான். தேதி இருக்கிறது, நேரமும் இருக்கிறது. கோட் சொன்னது அவள்தானே, ஞாபகம் வந்திருக்கும்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் கையில் இருப்பது நான் போட்ட அந்த வருஷத்துப் படிவம்தான், நன்றாகப் புரட்டுங்கள்.

"சார், எஜுகேஷன் கிரெடிட் காலியா இருக்கே?"

ஆமாம், சேனாபதி, காலிதான். அந்தச் சலுகைக்கு ஒரு வருமான வரம்பு உண்டு. பதவி உயர்வு வந்ததிலிருந்து நான் அதைத் தாண்டிவிட்டேன், மூன்று வருஷமாக. அவள் மேற்படிப்புக்காக எனக்கு ஒரு டாலர்கூட வந்ததில்லை. வராது என்று அந்தப் பொத்தானை அழுத்தும்போதே எனக்குத் தெரியும்.

"அப்ப எதுக்கு சார் இதெல்லாம்?"

முதல் பக்கத்தைப் பாருங்கள். என் பெயர், காமாக்ஷி பெயர், அதற்குக் கீழே அவள் பெயர். பிறந்த வருஷத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஒரு வருஷம்கூட விட்டுப்போனதில்லை.

கார் சத்தம் கேட்கிறது. அவள்தான். வாசலில் இருக்கும் பெட்டியில் இடித்துக்கொள்ளாதீர்கள், தீக்ஷாவுடையது, அவள் அம்மா அடுக்கி வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பது காமாக்ஷியுடையது. அதை எதற்குக் கட்டியிருக்கிறாளோ தெரியவில்லை. இருக்கட்டும். தீக்ஷா கத்துவாள், அழுவாள், எல்லாம் ஒரு வாரம். திரும்பி வந்த அந்தப் படிவத்தைத் திருத்தி ஏப்ரல் பதினைந்துக்குள் அனுப்பியாக வேண்டுமே, சேனாபதி. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?