சந்தனம் வைத்த ஏணி

அன்று மேடையில் என் அப்பா சென்னிமலையின் பெயரை நான் சொல்லவில்லை. ஜலகண்டாபுரம் தறிக்கூடத்தில் ஏணியிலிருந்து விழுந்து, வலக்கையைத் தூக்க முடியாமல் போனவர் அவர். அவர் வேலையை இப்போது பார்க்கும் கதிர் என் தம்பி என்பதையும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு அது தெரியும். ஆயுத பூசையன்று நான் பேசியது இவ்வளவுதான்:

ஓயாத தறிகளை இன்று ஒருநாள் உறங்க வைத்துவிட்டு, அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கூடத்து உரிமையாளர் பொன்னன் அய்யா அவர்களே! பாவும் ஊடையுமாய்க் காலத்தை நெய்த பெரியோர்களே! வேலைக்குப் போனவரின் காலடி ஓசைக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

இதோ, மேடை ஓரத்தில் ஒரு மூங்கில் ஏணி. படிக்குப் படி சந்தனம்! சந்தனத்தின் மேல் குங்குமம்! உச்சியில் சாமந்தி மாலை! எல்லாம் இருக்கிறது, நடுவில் ஒரு படி மட்டும் இல்லை. அங்கே கயிறு கட்டியிருக்கிறது! கயிற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறீர்கள்!

போன ஆண்டு மின்விசிறியில் படிந்த பஞ்சைத் துடைக்க ஒருவர் இதில் ஏறினார். எட்டவில்லை. இறங்கி ஏணியை நகர்த்தினாரா? இல்லை. எட்டினார், வளைந்தார், இன்னும் எட்டினார். இடுப்பு ஏணியின் பக்கச் சட்டத்தைத் தாண்டியது. எண்ணெய்த் தரையில் ஏணி வழுக்கியது. படி ஒடிந்தது, மனிதர் விழுந்தார்! கீழே பிடித்திருக்க வேண்டியவர் எங்கே? டீ வாங்கப் போயிருந்தார்!

என்ன கந்தம்மாள் அக்கா? “அதான் பூசை போட்டாச்சில்லீங்க சாமி, ஒண்ணும் ஆவாது” என்கிறீர்களா? அவர் விழுந்தபோதும் இது பூசை போட்ட ஏணிதானே அக்கா!

எத்தனை முறைதான் சொல்வது? சுவரோடு ஒட்டி நிமிர்த்தாதீர்கள், அடியைத் தள்ளி ஊன்றுங்கள். ஒரு கை எப்போதும் ஏணியில் இருக்கட்டும். எட்டாவிட்டால் இறங்குங்கள், நகர்த்துங்கள், மறுபடி ஏறுங்கள்! இறங்கி ஏறுவதில் என்ன இழிவு?

நாளைக் காலை தோரணம் அவிழ்க்கக் கதிர் இதில்தான் ஏற வேண்டுமா? பொன்னன் அய்யா, இதை உடைத்துப் போடுங்கள்!

“பூசை போட்டத ஒடைக்கலாமா கண்ணு?” என்று கேட்கிறீர்கள். சரி, சாமி என்றே வைத்துக்கொள்வோம். பின்னமான சிலையைக் கருவறையில் வைத்துக் கும்பிடுவோமா அய்யா? தண்ணீரில் விட்டுவிடுவோம் அல்லவா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளை மாலை எல்லோரும் முழுக் கையும் முழுக் காலுமாக வீடு சேருங்கள். அதுவே எனக்கு நீங்கள் போர்த்தும் பொன்னாடை! என் கோபத்தையும் பொறுத்துக் கேட்டீர்கள். நன்றி, வணக்கம்.

மறுநாள் விடிந்ததும் பொன்னன் அய்யா அந்த ஏணியை மாலையோடு ஏரியில் கொண்டுபோய் விட்டார். அது மிதந்தது. புது ஏணி வரும்வரை தறிக்கூடத்துத் தோரணம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.