டாக்டர் ப்ரூஸ்டர் சொன்னால் சரி

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம், மேடம். பல்லைக் காப்பாற்றியாக வேண்டும். நான் தொலைக்காட்சிக்கு வந்ததே இந்தப் பல்லால்தான்.

டொலீடோ என்கிற ஊரில் என் அப்பா செருப்புக் கடை வைத்திருந்தார். எனக்கும் அங்கேதான் வேலை. ஒரு நாள் பற்பசை விளம்பரத்துக்கு ஆள் தேடி வந்தவர் கடைக்குள் நுழைந்தார், நான் சிரித்தேன், அவ்வளவுதான். அதை நம்பி லாஸ் ஏஞ்சலஸுக்கு பஸ் ஏறிவிட்டேன். வந்த புதிதில் போலீஸ் தொடர்களில் பிணமாகப் படுத்துக் கிடந்தேன். அதில் எனக்கு நல்ல பெயர். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டேன்.

பிறகு ஒரு பகல் நேரத் தொடரில் டாக்டர் ப்ரூஸ்டர் வேடம் கிடைத்தது. ஒரு வாரம் வந்துவிட்டுப் போகிற டாக்டர். ஆனால் என் குரல் பெண்களுக்குப் பிடித்துப்போனது. அந்த ஒரு வாரம் இருபத்திரண்டு வருஷமாக நீண்டது. கதையில் நான் நர்ஸ் வாலரியை நான்கு முறை கல்யாணம் செய்தேன், மூன்று முறை செத்தேன். ஒரு தடவை பனிச்சரிவில் புதைந்து, என் இரட்டைச் சகோதரனாகத் திரும்பி வந்தேன்.

வாலரியாக நடித்தவள் ராஸ் டியர்னி. அவளைப் போல ஒரு தோழி யாருக்கும் கிடைக்க மாட்டாள். வாய் மட்டும் ஊருக்கே போதும். "டேய் கிழவா, இத்தனை வருஷமாச்சு, ஸ்டெதாஸ்கோப்பை எந்தப் பக்கம் காதுல வைக்கணும்னே உனக்கு இன்னும் தெரியலயே" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வெளியே யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். பர்பாங்க் கடைத்தெருவில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தால், "டாக்டர், இந்த முட்டியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒரு அம்மாள் பாவாடையைத் தூக்கிக் காட்டுவார். நான் பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்வேன். ஒருமுறை விமானத்தில் ஒருவருக்கு மூச்சு முட்டியது. பயணிகள் அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து போய் அவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, "ஒண்ணுமில்ல, மெதுவா மூச்சை விடுங்க" என்றேன். அவருக்குச் சரியாகிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம்தான், யாரும் கேட்கவில்லையே.

போன வசந்த காலத்தில் சேனல்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பார்க்கிறவர்கள் கூடாவிட்டால் கோடையோடு தொடருக்கு மூடுவிழா என்றார்கள். ஜனங்களை அழவைக்கலாம் என்று என்னை மூன்றாவது முறையாகக் கொன்று பார்த்தோம். ஒருவரும் அழவில்லை. எப்போது திரும்பி வருவேன் என்று கேட்டுத்தான் கடிதம் போட்டார்கள், இரண்டே வாரத்தில் என்னை மறுபடி உயிரோடு கொண்டுவந்தார்கள். எங்கள் தொடர்களில் அது ஒரு சங்கடம். கதையில் செத்தவன் செத்தவனில்லை. ஆனால் நடிகரே உண்மையில் இறந்துபோனால் கதை வேறு. அதற்கென்று ஓர் அஞ்சலி வாரம் எடுப்போம். கேமரா முன்னால் நிஜமாகவே அழுவோம். எங்கள் தொடரில் தாத்தாவாக நடித்தவர், பாவம், நிஜமாகவே கண்ணை மூடியபோது நாடே அழுதது. சேனல் மறுபேச்சில்லாமல் ஒப்பந்தத்தை நீட்டியது. அந்த வாரத்தில் எனக்கு இரண்டே இரண்டு வசனம். நன்றாக அழுத இன்னொருவன் விருதைத் தட்டிக்கொண்டு போனான்.

படப்பிடிப்புக்கு வெளியே டாக்கோ விற்கிற சாப்பாட்டு வண்டி அருகே நின்று சாப்பிடும்போது எங்கள் தயாரிப்பாளர் பெர்னடீன் அலுத்துக்கொண்டாள். "நம்மள்ல யாராவது நெஜமாவே மண்டையைப் போட்டாத்தான்யா ஜனம் திரும்பி வரும்." "அப்ப லோவெலை அனுப்புங்க, அவனுக்குத்தான் செத்துச் செத்துப் பழக்கம்" என்று என்னைக் கை காட்டினாள் ராஸ். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அதற்கடுத்த வாரம் அறுவை சிகிச்சைக் காட்சி. நான் வெள்ளைக் கோட்டில் இருந்தேன். ராஸ் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள், வசனத்தை விட்டுவிட்டாள், மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். சுற்றிலும் நர்ஸ் உடுப்பில் துணை நடிகைகள் நின்றிருந்தார்கள். இயக்குநர் நிறுத்தச் சொன்னார். ஒலிக்காரர் ஒலிப்பதிவை நிறுத்தினார்.

அப்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மேடம். நான் வசனத்தை மறந்து திணறுவதை வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள் அவர்கள். பழகின தோஷம், வேறென்ன. விளக்குக்காரர் ஓடிஸ் கையில் போனை எடுத்துக்கொண்டு, "டாக்டர், ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?" என்று என்னைத்தான் கேட்டார்.

நான் மண்டியிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேண்டாம். சாதாரண மயக்கம்தான். காலையில எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டா. கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்."

"டாக்டர் சொல்றார்ல, தள்ளி நில்லுங்கய்யா" என்றாள் பெர்னடீன். ஓடிஸ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு துணை நடிகை ஓடிப்போய் சலைன் பாட்டிலைக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தாள். அது எங்கள் சாமான் அறையில் இருக்கிற காலி பாட்டில்.

மயக்கமில்லை என்று எனக்குத் தெரியும். இடது கை வலி, குளிர்ந்த வியர்வை, சாம்பல் நிறத்தில் முகம். மாரடைப்புக் காட்சிகளில் எத்தனையோ தடவை பேசிய அந்த வசனத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் கையைப் பிடித்தபடி யோசித்தேன். யோசிக்க நேரமிருந்தது. ஓடிஸின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒப்பனைக்கார அம்மாவுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. தொடரை மூடினால் அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள். ராஸுக்கோ குழந்தை குட்டி கிடையாது.

அவள் கை தளர்ந்த பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவர்கள் என்னைத் தோளில் கை வைத்து ஒதுக்கினார்கள். அவள் எப்போது விழுந்தாள், என்ன செய்தோம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

அஞ்சலி வாரம் பிரமாதமாக வந்தது. சவப்பெட்டி பக்கத்தில் நான் பேசியதை ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள், கேமராக்காரரே விசும்பினார். சேனல் இன்னும் இரண்டு வருஷம் கொடுத்தது. ஓடிஸ் என்னைக் கட்டிப்பிடித்து, "நம்ம எல்லார் வயித்துலயும் பாலை வார்த்துட்டுப் போயிட்டா, மகராசி" என்றார். எனக்கும் விருது கிடைத்தது. மேடையில் அவள் பெயரைத்தான் முதலில் சொன்னேன். அவளை நினைக்காத நாளில்லை, மேடம். கிழவா என்று கூப்பிட இப்போது ஆளில்லை.

அன்றைக்கு ஒலியைத்தான் நிறுத்தினார்கள், இரண்டாவது கேமராவை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்பது இந்த விசாரணை அறையில் நீங்கள் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அதில் ஓடிஸ் போனை எடுப்பதும் உள்ளே வைப்பதும் தெளிவாக இருக்கிறது. ராஸ் என் கோட்டைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்கிறாள். அங்கே என் தோள் அவள் வாயை மறைக்கிறது. என்ன சொன்னாள் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

"லோவெல், நெஜ டாக்டரைக் கூப்பிடுடா" என்றாள்.

நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "அதான் நான் இருக்கேன்ல" என்றேன்.